பார்த்ததாகப் போட்ட கையெழுத்து

நவம்பர் 3, வெள்ளி

இந்த நோட்டு கொசுப்புழுக் கணக்கு எழுதுவதற்காகக் கொடுத்தது. இரண்டே வாரத்தில் கணக்கையெல்லாம் செல்போனில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கோடு போட்ட நல்ல தாள். வீணாக்க மனமில்லை. மனதில் இருப்பதை யாரிடமும் கொட்டவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊரில் 'கொசுக்காரி' என்பார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்சட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றிலும் டார்ச் அடித்து, புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். நெளிந்தால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. விலங்கியலில் பட்டம் வாங்கியவளுக்குத் தினக்கூலி. மழைக்காலம் முடிந்தால் 'அப்புறம் சொல்றோம்' என்பார்கள்.

இன்று ஊர்த்தெரு. மாடி கட்டிய மெத்தை வீட்டு அம்மா வழக்கம்போல் கேட்டுக்கு உள்ளிருந்தே அட்டையை நீட்டினாள்.

"இங்கயே போட்டுட்டுப் போம்மா. எங்க வூட்ல கொசு இல்ல."

காலனிப் பெண் உள்ளே வந்துவிடக்கூடாது. கொசு மட்டும் காலனியிலிருந்து கேட்டும் கேள்வியும் இல்லாமல் பறந்து போகலாம். சொல்ல வாய் வந்தது. கையெழுத்துப் போட்டேன். இப்படி எத்தனை வீடு என்று நான் எண்ணுவதில்லை. கணக்கில் ஐம்பது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆடுகளுக்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். ராணியை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, காதை மடித்து, தொடை இடுக்கை விரித்து, மடியைத் தூக்கி, வாலைத் தூக்கி. அகப்பட்டதைக் கல்லில் வைத்து நகத்தால் நசுக்கினாள். அப்புறம் கருப்பி. மழையோ வெயிலோ, ஒரு நாள் விட்டதில்லை.

"உனுக்குக் கொசு, எனுக்கு உண்ணி. நம்ப வூடே பெரிய ஆபீசுடி" என்றாள். தலை வலிக்கிறது என்று சீக்கிரம் படுத்துவிட்டாள்.

நவம்பர் 4, சனி

நாற்பத்தொன்பது வீடு. ஒரு வீட்டில் நாய்.

அம்மா கடையில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு காலையிலேயே எங்கோ போய்வந்தாள். வெற்றிலை போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டால், "குயவர் தெருவுல கார்த்திகைக்கு அகல் சொல்லிட்டு வந்தேன்" என்கிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

இன்றும் அகல் சொல்லப் போனாளாம். எங்கள் வீட்டுக்கு எத்தனை அகல் வேண்டும்? திரும்பி வந்தபோது பல் கிட்டி நடுங்கினாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. இரண்டு போர்வை போட்டும் போதவில்லை.

அவள் தூங்கியதும் பின்பக்கம் போனேன். ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் உடைந்த தொட்டியில் டார்ச் அடித்தேன். புழு. எண்ண முடியாத அளவுக்குப் புழு. தொட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் அட்டை தொங்குகிறது. அக்டோபரில் நான்கு வாரமும் 'புழு இல்லை'. நான்கும் என் கையெழுத்து.

அட்டையைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 6, திங்கள்

லீவு கேட்டேன். "உனக்கு மட்டும்தான் அம்மா இருக்காங்களா?" என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர். கேட்டதோடு சரி, அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டவுனில் பேர்போன கிளினிக். எண்பத்து மூன்றாம் டோக்கன். உள்ளே போனால் அந்த டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"தலைவலி மூணு நாளா சார். நேத்துலருந்து காய்ச்சல்."

"உடம்புல தடிப்பு, புண்ணு, கொப்புளம் ஏதாவது?"

அம்மா முந்தானையை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். இல்லை என்று சொன்னேன்.

அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாலை மாதிரி தொங்கியது. அதைக் கழற்றவே இல்லை. நாற்காலிக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த மேசையைத் தாண்டி அவர் கை வரவில்லை. 'வைரல்' என்றார். மூன்று விதமான மாத்திரை. மொத்தம் ஒன்றரை நிமிடம்.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அந்தாளு மேசை நல்லா கீதுடி. ஒரு ஆளு படுக்கலாம்."

நவம்பர் 7, செவ்வாய்

103. ஆடுகள் கத்திக்கொண்டே இருக்கின்றன.

நவம்பர் 8, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தோம். என்னோடு வேலை செய்யும் தில்ஷாத் அக்கா அங்கே எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பவர். மத்தியானமே ரிசல்ட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"டெங்கு இல்லம்மா. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? சந்தோசப்படு."

சீட்டை மடித்து வைத்தபோது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும் அட்டை நினைவுக்கு வந்தது. ஏன் என்று எழுத விருப்பமில்லை.

டெங்கு இல்லை என்றால் என்னவென்று நர்ஸிடம் கேட்டேன். "டெங்கு இல்லன்னு சொல்றதுதான் எங்க வேலை" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவ்வளவுதான். மேலே அனுப்பும் பாரத்தில் டெங்குவுக்கு ஒரு கட்டம், மலேரியாவுக்கு ஒரு கட்டம். அம்மாவுக்குக் கட்டம் இல்லை.

வந்ததும் துணி துவைத்தேன். அம்மாவின் ஜாக்கெட்டில் உள்பக்கம் செங்கல் நிறக் கறை. போர்வையிலும் கொஞ்சம். நூறு நாள் வேலையில் ஓடைக்கரைப் புதரெல்லாம் வெட்டினாள், செம்மண்ணாக இருக்கும். கல்லில் அடித்தும் போகவில்லை. எரிச்சலில் இன்னும் நாலு அடி அடித்தேன். வேறு ஜாக்கெட் போட்டுவிடப் போனால், "நானே மாத்திக்குவேன், நீ வெளிய போ" என்று கத்தினாள். எழுந்து நிற்கவே முடியாதவளுக்குக் கத்த மட்டும் தெம்பு எங்கிருந்து வருகிறதோ.

நவம்பர் 9, வியாழன்

டவுனில் இன்னொரு டாக்டர். இவர் கொஞ்சம் நல்லவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஆனாலும் தொடவில்லை. ஒரு பாட்டில் குளுக்கோஸ், ஒரு ஊசி. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகின்றன, இன்னும் குறைந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார்.

ஐந்து நாளில் இரண்டு டாக்டர், ஒரு சுகாதார நிலையம். எவரும் அம்மாவின் மேல் கை வைக்கவில்லை. நாடி பிடிக்கக்கூட ஒரு மெஷின் விரலைக் கவ்வுகிறது. ராணிக்கு வயிறு உப்பினால் மாட்டு டாக்டர் தரையில் உட்கார்ந்து, காதை வைத்துக் கேட்டு, வயிற்றைத் தட்டிப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் ஆட்டுக்குக் கிடைக்கும் வைத்தியம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அம்மா எதுவும் சாப்பிடவில்லை. தூக்கத்தில் ஆடுகளை அதட்டுகிறாள்.

நவம்பர் 10, வெள்ளி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விடியும்போது அம்மாவுக்கு மூச்சு வேகமாகிவிட்டது. என்னைப் பார்த்து, "கருப்பி, ஓடையில எறங்காத" என்றாள். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடச் சவாரி முடித்து ஒன்பதரைக்குத்தான் வருவேன் என்றான். வேறு வண்டி கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் போன்.

"நிரோஷா, மாவட்டத்துலேருந்து ஆபீசர் வர்றார். குயவர் தெருல மண்ணு ஊற வைக்கிற தொட்டி இருக்கு பாரு, அதுல புழு இருந்தா நம்ம மானம் போயிடும். இன்னிக்கும் வரலன்னா பேரை எடுத்துடுவேன்."

எதிர்வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். ஒரு தொட்டி, பத்து நிமிட வேலை, ஆட்டோ வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. இத்தனை மாதமாக அந்தத் தொட்டி இருக்கும் வீட்டில் நான் வாசலோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள். இன்று முதல்முறையாகப் பின்கட்டுக்குப் போனேன். சாக்கு விரித்து ஆயிரக்கணக்கில் அகல் காயவைத்திருந்தார்கள். மண் பிசைந்துகொண்டிருந்த சம்பூர்ணம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பானை செய்யும் கன்னியப்பரின் மனைவி. ஐம்பது வயது இருக்கும்.

"நீ எல்லம்மா பொண்ணுதானே? உங்கம்மா ஏன் மூணாம் நாளு வரல?"

"அகல் வாங்கவா?"

"அகலா? அக்கி எழுதறதுக்குடி. ரெண்டு நாளு எழுதினு போனா. மூணு நாளு எழுதணும்னு சொல்லித்தானே அனுப்புனேன்."

அக்கி என்றால் கொத்தாகக் கொப்புளம் போட்டு எரியும் நோய். குயவர் வீட்டில் செங்காவியைக் குழைத்துக் கோழியிறகால் அதன்மேல் சிங்கம் எழுதினால் ஆறிவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். எழுதியதைக் கழுவக்கூடாது, அதுவாக உதிர வேண்டும். நான் காலேஜில் படிக்கும்போது இதைப் பற்றி அம்மாவிடம் ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறேன்.

செங்காவி. ஜாக்கெட்டின் உள்பக்கம்.

"எங்க எழுதினீங்க?"

அவர் தன் இடது மார்புக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு மண் கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அது அக்கி இல்ல. முப்பது வருசமா எழுதிகினு கீறேன், எனுக்குத் தெரியாதா? அக்கின்னா கொத்தா கெளம்பும், தொட்டா உசுரு போவும். உங்கம்மாளுது ஒத்தையா, கறுப்பா, பீடி வச்சி சுட்டாப்பல கீது. அமுக்கிப் பாத்தேன், வலிக்கலன்றா. அக்குள்ல நெறி வேற கட்டிகினு கீது. போயி டாக்டராண்ட காட்டுடின்னு சொன்னேன். 'நீ எழுதுக்கா, எம்பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாத, படிச்சவ, கத்துவா'ன்னா. நான் இன்னா பண்றது?"

தொட்டியைப் பார்க்காமலே ஓடினேன். கையெழுத்துப் போடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசர வார்டில் இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சீட்டு எழுத ஆரம்பித்தவரிடம், "மேடம், மார்புக்கு அடியில ஒரு கறுப்புப் பொருக்கு இருக்காம், வலிக்கலையாம்" என்றேன். பேனாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"காட்டுங்க."

திரையை இழுத்தார்கள். அம்மா நினைவில்லாத நிலையிலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வியர்வையில் கலைந்து பாதிச் சிங்கம் இருந்தது. தலை இல்லை, வால் மட்டும். நர்ஸ் பஞ்சை நனைத்துக் கொடுத்தார். துடைத்தேன். காவிக்கு அடியில் பட்டாணி அளவில் கறுப்பு. சுற்றிலும் சிவப்பு வளையம். டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். அக்குளிலும் கை வைத்தார்.

"ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல். ஆடு மேய்க்கிறாங்களா? புதர்ல வேலையா?"

"ரெண்டும். ஆட்டு உண்ணியா மேடம்?"

"இல்ல. இது வேற. எலி மேல, புதர்ல இருக்கும். கண்ணுக்கே தெரியாது. இந்த ஒரு பொட்டு கண்ணுல பட்டுட்டா பாதி வேலை முடிஞ்சது. டெஸ்டுக்கு அனுப்புறேன், ஆனா அதுக்காகக் காத்திருக்கப் போறதில்ல. மருந்து இப்பவே."

ஆக்சிஜன் வைத்தார்கள். 'நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்றேன்' என்றார். எதைச் சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு இந்தப் பூச்சியைத் தெரியும். இரண்டாம் ஆண்டில் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்திருக்கிறேன். வளர்ந்தால் எட்டுக்கால், குஞ்சுக்கு ஆறு கால். கடிப்பது ஆறு கால் வயதில் மட்டும்தான். பத்துக்கு ஒன்பது மார்க்.

இன்னொன்றும் எழுத வேண்டும். திங்கட்கிழமை எழுதியதில் ஒரு வரியை விட்டுவிட்டேன். உடம்பில் புண் ஏதாவது உண்டா என்று அந்த டாக்டர் கேட்டபோது நான் 'இல்லை' என்று மட்டும் சொல்லவில்லை. "நான் பார்த்தேன் சார்" என்றேன். அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல், மெத்தை வீட்டு அட்டையில் கையெழுத்துப் போடுகிற அதே வேகத்தில் சொன்னேன். நான் பார்க்கவில்லை. அம்மாவின் உடம்பை நான் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

நவம்பர் 11, சனி

வார்டில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் 103. மத்தியானம் 102. மூச்சு அப்படியேதான் இருக்கிறது.

தில்ஷாத் அக்கா பிரியாணி கொண்டுவந்தார். எனக்கு இறங்கவில்லை. "நீ சாப்பிடலன்னா உங்கம்மா எழுந்து உன்னைத்தான் திட்டுவாங்க" என்றார். எழுந்து திட்டட்டும். அதற்காகவே சாப்பிடாமல் இருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டு, "மூச்சு எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? முப்பத்தாறிலிருந்து முப்பது. நானும் உட்கார்ந்து எண்ணினேன். முப்பதுதான். இந்த வருடம் நான் நேர்மையாக எண்ணிய முதல் கணக்கு இதுவாக இருக்கும்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

காலை 99.

நர்ஸ் தெர்மாமீட்டரை உதறிவிட்டு இன்னொரு முறை வைத்தார். 99தான். அம்மாவின் நெற்றி வியர்த்து, தலையணை நனைந்து கிடந்தது. வெளியே சரவெடி. அந்தச் சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். என்னைக் கருப்பி என்று கூப்பிடவில்லை.

"நிரோசா."

"இன்னாம்மா?"

"ஆட்டுக்கு உண்ணி பாத்தியாடி?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் கட்டிலில் தலையை வைத்து அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னமோ ஏதோ என்று பயந்து அவர் மகளைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா அவரிடம் சொல்கிறாள்: "ஒண்ணுமில்லக்கா. ஆடு மேல அவ்ளோ பாசம் அவளுக்கு."

வார்டில் எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். என் லட்டையும் அம்மாவே தின்றாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். டெஸ்ட் ரிசல்ட்டும் வந்தது, அதேதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. காலனியில் காய்ச்சல் என்றதும் இன்ஸ்பெக்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தெரு முழுக்கப் புகை அடித்திருக்கிறார். கொசுவுக்கு அடிக்கும் புகை. போன் செய்தேன்.

"சார், இது கொசுவால வரல. புதர்ல இருக்கிற பூச்சி. புதரை வெட்டணும், எலியைப் பிடிக்கணும். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு முழுக்கைச் சட்டை கொடுக்கணும்."

"அதெல்லாம் எனக்கும் தெரியும்மா. எங்கிட்ட இருக்கிறது புகை மெஷின்தான்."

பிறகு, "ஏம்மா, நீயே டிபார்ட்மெண்டு, உங்க வீட்டுலயேவா?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். திட்டுவதற்கு வாயில் வைத்திருந்ததை விழுங்க வேண்டியதாயிற்று.

நவம்பர் 16, வியாழன்

வீடு. அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக ஆடுகளிடம் போனாள். எதிர்வீட்டுப் பெண் தழை போட்டிருக்கிறாள், உண்ணி பார்க்கவில்லை. "ஆறு நாளு. ஆறு நாளுல இவ்ளோவா" என்று முனகிக்கொண்டே காதை மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் ராணியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தேன். கவிழ்த்த தொட்டியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர். டார்ச் அடித்தேன். மருந்து ஊற்றினேன். 'புழு உண்டு' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுப் பழைய ஆணியில் மாட்டினேன். அக்டோபர்க் கையெழுத்துகளை அடிக்கவில்லை. அவை அங்கேயே இருக்கட்டும்.

நவம்பர் 17, வெள்ளி

வேலைக்குப் போனேன். மெத்தை வீட்டில் அட்டையை வாங்கி, 'பார்க்க விடவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா படித்தாள். "இன்னாம்மா இப்படி எழுதற?" என்றாள். "பார்க்கல, அதான்" என்றேன். ஐந்து நிமிடம் முறைத்தாள். கேட்டைத் திறந்துவிட்டாள். பிரிட்ஜ் தட்டில் புழு. தட்டைக் கவிழ்த்துவிட்டு அட்டையில் எழுதினேன். அவள் அடுத்த வாரமும் திறப்பாளா என்பது தெரியாது.

இன்று இருபத்திரண்டு வீடுதான் முடிந்தது. இருபத்திரண்டு என்றே அனுப்பினேன். இன்ஸ்பெக்டரிடமிருந்து கோபமுகப் பொம்மை ஒன்று வந்திருக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

"மூணாம் நாளு பாக்கி கீது" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"அக்கிக்கு."

"அம்மா, அது அக்கியே இல்ல. எழுதின அக்காவே சொன்னாங்க. உன்னைக் காப்பாத்துனது மாத்திரை."

"மாத்திரை காப்பாத்துச்சி, சரி. அந்தக் கறுப்ப மொதல்ல யாரு பாத்தது? நீயா? மேசைக்காரனா?"

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, தில்ஷாத் அக்காவின் ஸ்கூட்டியில் அவளை உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். சம்பூர்ணம்மா அம்மாவைப் பின்கட்டில் உட்கார வைத்தார். வீட்டுக்குள் இன்றும் கூப்பிடவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அம்மாவின் ஜாக்கெட்டைத் தூக்கி, காய்ந்து உதிரப்போகும் பொருக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாரே, அதையும் மறக்க முடியாது.

"ஆறிப்போச்சி. இதுல இன்னாத்தடி எழுதறது?"

"எழுதுக்கா. அரைகுறையா வுடக்கூடாது."

"டாக்டருக்கே எழுதலாம் போல. பாவம், அந்தப் பொண்ணு தூங்கவே இல்லன்னியே."

பொருக்கின்மேல் படாமல், பக்கத்தில் சின்னதாக ஒரு சிங்கம் எழுதினார். இந்த முறை தலை இருந்தது. அம்மாவுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் மண் தொட்டியைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சேறு. புழு இல்லை. மண் கலங்கிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் டெங்குக் கொசுவான ஏடிஸ் முட்டையிடாது. இத்தனை நாளும் பார்க்காமலே எழுதிய 'இல்லை', இந்த ஒரு வீட்டில் உண்மையாக இருந்திருக்கிறது.

கிளம்பும்போது பன்னிரண்டு அகல் கொடுத்தார். "உங்கம்மா ரெண்டு நாளு சொல்லிட்டுப் போனாளே, அது" என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தாள்.

நவம்பர் 26, ஞாயிறு. கார்த்திகை

அம்மா மூன்று நாளாக மேய்க்கப் போகிறாள். வேண்டாம் என்று சொன்னேன். "ஆட்டுக்கு மாத்திரையா குடுப்ப?" என்றாள். அதனால் பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். என் பழைய முழுக்கைச் சட்டையை ஜாக்கெட்டுக்கு மேல் போட வேண்டும். புதர் ஓரத்தில் துண்டு விரித்துப் படுக்கக்கூடாது. வந்ததும் குளிக்க வேண்டும். குளித்ததும் நான் பார்ப்பேன்.

கடைசி நிபந்தனைக்குத்தான் பெரிய சண்டை.

இன்று சாயங்காலம் வாசலில் பன்னிரண்டு அகலும் ஏற்றினோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு அவளை முக்காலியில் உட்கார வைத்தேன். கொசுப்புழு டார்ச்சை எடுத்தேன். காதுக்குப் பின்னால். கழுத்து மடிப்பு. கையைத் தூக்கச் சொல்லி அக்குள். முதுகு. அம்மாவின் முதுகில் இத்தனை மச்சம் இருப்பது எனக்குத் தெரியாது. முழங்காலுக்குப் பின்னால். இடுப்பில் பாவாடை நாடா இறுக்கிய தடம். மார்புக்கு அடியில் பொருக்கு விழுந்து, சில்லறைக்காசு அளவில் வெளிறிய தழும்பு.

"நான் இன்னா ஆடாடி?"

"சும்மா இரு."

"மடியத் தூக்கிப் பாத்துட்ட. வாலு மட்டும்தான் மிச்சம்."

"அதையும் பாக்கறேன், திரும்பு."

அவள் சிரித்த சிரிப்பில் கொல்லையில் ராணி பதில் கத்தியது. புதிதாகக் கடித்த தடம் எதுவும் இல்லை. ஒரு முறை பார்த்ததோடு விடாமல் மறுபடியும் காதிலிருந்து தொடங்கினேன்.